எண்பத்தொன்பது

பெர்கனில் இன்றும் மழை.
ஹால்வார் உள்ளே வந்தபோது தொப்பியிலிருந்து சொட்டியது
மழையா வியர்வையா என்று நான் பார்க்கவில்லை.
கழுத்தைப் பார்த்தேன். தடித்த கழுத்து.
இரவில் குறட்டை உண்டா என்று கேட்டேன்.
"தனியாப் படுக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

கார்களை ஏற்றிச்செல்லும் படகில் தளப்பணி. ஐம்பத்துநாலு வயது.
ஜனவரிக் காற்றில், முன்கதவு திறந்துகிடக்க,
கையசைத்து லாரிகளை நிறுத்துகிறவர்.
பத்தொன்பது வருஷப் பல்வலியைப்
பல்லைக் கடித்துக்கொண்டே பொறுத்திருக்கிறார்
(வேறெதைக் கடித்துக்கொள்வது?).
மூன்று தடவை இங்கே வந்து திரும்பியவர்.
ஒருமுறை, கழுத்தில் கட்டிய காகிதத் துண்டோடு
அப்படியே தெருவில் இறங்கிவிட்டார்.

நான்காம் தடவைக்கு மருந்து.
ஆறு மணிநேரம் வயிறு காலி.
நாளைவரை வண்டி ஓட்டக்கூடாது,
எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடக்கூடாது,
வீட்டுக்குக் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும்.
கடைசி வரியில்தான் ஒரு மாதம் போயிற்று.
ஆள்.
படகின் சிற்றுண்டிக் கடையிலிருக்கும் யூரிட்டைக் கேட்க
அவருக்கு நாலு வாரம் பிடித்தது.
இப்போது அவள் வெளியே, மடியில் ஃபிளாஸ்க்குடன்.

ஒரு மில்லிகிராம். காத்திருக்கிறேன்.
இன்னும் ஒன்று. காத்திருக்கிறேன்.
உப்புப் போடுகிற மாதிரிதான், போட்டபின் எடுக்க முடியாது.
முறிமருந்து இருக்கிறது,
உடைக்காத குப்பியில், இடது கைக்கு எட்டும் தூரத்தில்.
எட்டு வருஷத்தில் இரண்டு தடவை உடைத்திருக்கிறேன்.
இரண்டு பெயரும் நினைவிருக்கிறது.

நாற்காலிக் கையைப் பற்றியிருந்த விரல்கள்
ஒவ்வொன்றாக விட்டன.
வாய் திறந்தது.
டாக்டர் மாரித் ஒன்றும் சொல்லவில்லை,
முகக்கவசத்துக்குமேல் புருவம் மட்டும் ஏறி இறங்கியது.

இது தூக்கமில்லை. கூப்பிட்டால் கேட்கும், சொன்னால் செய்வார்,
நாளைக்கு நினைவிருக்காது, அவ்வளவுதான்.
மரத்துப்போக ஊசி தனி.
இந்த மருந்து வலியைத் தொடாது, பயத்தைத் தொடும்,
கொஞ்சம் மூச்சையும்.
அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் நான்.
விரல் நுனியில் சிவப்பு வெளிச்சம்.
தொண்ணூற்றேழு. தொண்ணூற்றாறு.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
இங்கே பல் போகுமுன்பே சொல் வந்துவிட்டது.
மாரித் கருவி மாற்றிய இடைவெளியில்,
பாதி மரத்த நாக்கால்:
"யூரிட்கிட்ட சொல்லாதீங்க.
பதினோரு வருஷமா காபியில ரெண்டு கட்டி சர்க்கரை போட்டுத் தர்றா.
ஒவ்வொரு வாய்க்கும் உயிர் போகுது.
வேண்டாம்னு சொல்ல வாய் வரலை."

பிறகு ஒன்றும் இல்லை.
ஒன்றுமே இல்லை. நெஞ்சு ஏறவில்லை.
தொண்ணூற்றிரண்டு. தொண்ணூறு.
எண்பத்தொன்பது.
இயந்திரத்தின் குரல் ஒரு படி இறங்குமுன்பே
தாடையைத் தூக்கிப் பிடித்திருந்தேன்.
"ஹால்வார், மூச்சை இழுங்க. ஆழமா. ஹால்வார்!"
மாரித்தின் கை அந்தரத்தில்.
என் கண் குப்பியில்.
அப்புறம்
படகு துறையில் முட்டுகிற மாதிரி ஒரு பெருமூச்சு.
தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்றாறு.
உயிர் போகுது என்று
எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

நான்கு பல். ஒரு சீழ்க்கட்டி. ஒரே அமர்வு.
"எப்போ தொடங்குவீங்க?" என்றார்,
பஞ்சைக் கடித்தபடி.

பதிவேட்டில் எழுதினேன்:
குறைந்த அளவு எண்பத்தொன்பது, பத்து நாற்பத்திரண்டுக்கு, இருபது நொடி.
மற்றதை எழுத அதில் கட்டம் இல்லை.
இவர்கள் மறப்பதையெல்லாம் யாராவது வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

யூரிட் தோள் கொடுத்தாள்.
அவர் கால்கள் இன்னும் கடலில் இருந்தன.
அவள் ஃபிளாஸ்க் மூடியைத் திருகத் தொடங்கினாள்.
"மரப்பு போறவரைக்கும் சூடா எதுவும் வேண்டாம்.
இன்னிக்கு ராத்திரி தனியா விடாதீங்க.
குறட்டை இருக்கான்னும் கவனிங்க."
அவள் காது சிவந்தது. தலையாட்டினாள்.
"அப்புறம், காபியில இனிமே சர்க்கரை வேண்டாம்."
"எல்லாருக்கும் சொல்றதுதானே இது?"
"எல்லாருக்கும் சொல்றதுதான்."

கதவருகே நின்று
ஃபிளாஸ்க்கை ஒருதரம் பார்த்தாள்,
பிறகு அவரை.