ஒரு கோர், இரண்டு போர்ஷன்

மஞ்சக்குப்பத்தில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு
மின்வாரியக் கணக்கில் இரண்டு எண்,
தபால்காரருக்கு இரண்டு கதவு,
மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் ஒன்று.

என் மேஜைமேல் இருக்கும் சிப்பும் அப்படித்தான்.
எட்டுக் குடித்தனம் என்று
இயங்குதளத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறது.
உள்ளே நான்கே அடுப்பு.
ஒரு த்ரெட் நினைவகத்துக்கு ஆளனுப்பிவிட்டுச் சும்மா நிற்கையில்
கூட இருப்பது சமைத்துக்கொள்ளலாம்.
நல்ல ஏற்பாடு,
இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பசிக்காதவரை.

நான் எழுதியது முதுநகர்ப் படகுகளுக்கு.
கடலடியில் மோதித் திரும்பும் ஒலியை
ஒரு த்ரெட் வாங்கிக் கணக்குப் போடும்.
இன்னொன்று அதைத் திரையில் மீன்கூட்டமாக வரையும்.
நடுவில் ஒரு பூட்டு,
அசெம்பிளியில் பதினொரு வரி.
அந்தப் பதினொன்றையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தேன்,
அவ்வளவு கர்வம்.

"மேடம், மீனு தெரியுது," என்றார் வெற்றிநாதன் போனில்.
"நாம தாண்டிப் போன மீனு."

படகுப் பெட்டியை ஆட்டோவில் கொண்டுவந்தேன்.
கவுச்சி இன்னும் அறையை விட்டுப் போகவில்லை.
அதில் இரண்டே கோர்.
ஒன்றை ரேடார் முழுசாகப் பிடித்துக்கொண்டது.
மற்றதில் என் இரண்டு த்ரெட்டும்
ஒண்டுக் குடித்தனம்.

மூன்று இரவு.
வேலி போட்டேன், பிடுங்கினேன்.
மாறிகளை அறுபத்துநான்கு பைட் தள்ளி உட்காரவைத்தேன்.
ஓசூரிலிருந்து பர்வீனா,
"என் மெஷின்ல பறக்குது, உங்க ஊர் உப்புக் காத்துதான்" என்றாள்.
பாதி நம்பினேன்.

நான்காம் இரவு கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை,
தொட்டியின் அடித் தண்ணீர்.
நூலாக வந்தது. மூடினேன்.
திறந்தேன், மூடினேன், திறந்தேன்.

கதவு தட்டப்பட்டது. பக்கத்துப் போர்ஷன் திருநிலவன்,
நெய்வேலிச் சுரங்கத்துக்காரர்,
தலையில் காயாத சோப்பு நுரை.
"நீங்க தொறக்குறப்பல்லாம் எனக்கு நின்னுபோவுதுங்க.
நாலரைக்கு ஷிப்டு பஸ்."

"நான் பிடிக்கலையே சார்," என்றேன்.
"வருதான்னு பாத்தேன், அவ்ளோதான்."

அவர் பதில் சொல்லவில்லை.
நுரை ஒரு துளி என் வாசற்படியில் விழுந்தது.

ஈரக் கையைத் துடைக்காமலே போய் உட்கார்ந்தேன்.
சுவரில் என் பதினொரு வரி.
படி. ஒப்பிடு. இல்லையா, மேலே தாவு.
படி. ஒப்பிடு. தாவு.
நொடிக்குக் கோடி முறை
திறந்தாச்சா திறந்தாச்சா என்று கேட்கிறது வரைகிற த்ரெட்.
எதையும் எடுக்கவில்லை, பார்க்கிறது, அவ்ளோதான்.
பூட்டைத் திறக்கவேண்டியவனோ
அதே அடுப்பில் ஓரமாய் ஒதுக்கப்பட்டு
பாதிக் கணக்கோடு நிற்கிறான்.

இரண்டு பைட் சேர்த்தேன், தாவலுக்கு முன்னால்.
எஃப் மூன்று, தொண்ணூறு.
பழைய சிப்புகள் அதைப் படிப்பது:
ஒன்றும் செய்யாதே, அதையே திரும்பச் செய்.
புதியவை படிப்பது:
கொஞ்சம் நகர்ந்து நில்.
கொஞ்சம் என்றால் எவ்வளவு?
ஒரு தலைமுறையில் பத்துத் துடிப்பு,
இன்னொன்றில் நூற்றுநாற்பது.
கையேடு ஒரு எண்ணைச் சொல்லி மாட்டிக்கொள்வதில்லை.

நாற்பத்தொரு மில்லிசெகண்ட் ஒன்பதானது.
வெற்றிநாதனைக் கூப்பிட்டேன்.
தொடர்பு எல்லைக்கு வெளியே, கடலில்,
திரையில்லாமல், எப்போதும்போல.
பன்னிரண்டாவது வரியைச் சுவரில் பேனாவால் எழுதினேன்.
கோணலாக வந்தது.

நான்கு மணி. வாளி காலி.
நூற்றுநாற்பதுவரை எண்ணிவிட்டுத் திறப்பது என்று உட்கார்ந்தேன்.
எழுபதுக்குமேல் முடியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம்
வாளி நிரம்பும் சத்தம்
ஒரு கணம் தடுமாறியது.
சட்டென்று மூடினேன்.