ஆயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை மில்லி

காலை ஐந்தே கால். ஈசூன் பலமாடி நிறுத்தம்.
பட்டனைத் தொட்டதும் பிடித்துக்கொண்டது.
உடனே பின்னால் திரும்பிப் பார்க்கிறேன்,
கைக்குழந்தையின் துணியைப் பார்ப்பதுபோல்:
என்ன நிறம்?

குளிர்ந்த எஞ்சினின் முதல் மூச்சு மட்டும் நீலமென்றால்
வால்வு சீல்தான் என்று
சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.
மண்டாய் மேட்டில் முறுக்கும்போது
கண்ணாடியில் பின்னால் வரும் லாரி மங்கினால்
ரிங் தேய்ந்துவிட்டது.

மூன்று வாரமாய் லாரி மங்குகிறது.
முதல் வாரம் நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
பூமியை நான்கு முறை சுற்றி
ஐந்தாவதில் பாதியும் தாண்டிய தூரம்.
எல்லாம் இந்தத் தீவுக்குள்ளேயே.
ஒருநாளும் பாலம் தாண்டவில்லை.

பின்பெட்டியில் ஊரார் இரத்தம்,
குழாய் குழாயாய், ஐஸ் பையோடு,
கிளினிக்கிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு.
யாருக்கு என்ன வந்ததென்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

மூன்று ஐந்து போட்ட குட்டி நோட்டில்
என் வண்டியின் கணக்கு இருக்கிறது:
ஜனவரியில் ஆயிரத்துக்கு நூற்றிருபது மில்லி எண்ணெய்.
மார்ச்சில் நூற்றெண்பது.
மே மாதம் இருநூற்றெழுபது.

தவசீலன் சொல்கிறான், கை வைக்காதே,
திறந்த எஞ்சின் பழைய எஞ்சின் ஆகாது.
ஷாகுல் சொல்கிறான், ஜாம் ஆனபிறகு
பிரிப்பதற்கு என்ன மிஞ்சும்?
இரண்டு பேரும் இப்போது மின்சார ஸ்கூட்டரில் போகிறார்கள்.

காக்கி புக்கிட்டில் பூன் கியட் பிளக்கைக் கழற்றி
அழுத்தமானியைத் திருகினான்.
நூற்றெட்டு.
பிறகு ஒரு தேக்கரண்டி எண்ணெயை
சங்கில் மருந்து புகட்டுவதுபோல் துளைக்குள் விட்டான்.
நூற்று நாற்பத்தொன்று.
ஏறியதில் சந்தோஷப்பட்டேன்.
அவன் தலையசைத்தான்: ஏறக்கூடாது, சிஸ்டர்.
ஏறினால் கசிவது ரிங் வழியாகத்தான்.

போர் போட்டு, பிஸ்டன் மாற்றி, வால்வு தீட்ட
ஆயிரத்து முந்நூற்றைம்பது வெள்ளி.
இன்றைக்கேவா?
கைத்துணியால் விரல் விரலாய்த் துடைத்தபடி
"போலே லாகி" என்றான்.
இன்னும் ஓடும்.
எவ்வளவு நாள் என்பதற்கு மலாயில் சொல் இருக்கும்.
அவன் சொல்லவில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு கணக்கு.
அடுத்த செப்டம்பரோடு சிஓஇ முடிகிறது.
இந்த ஊரில் இரும்புக்கு முன்னால் காகிதம் தேய்ந்துவிடும்.
பதினாறு மாதம், இருபத்தேழாயிரம் கிலோமீட்டர்.
வெறும் எண்ணெய் ஊற்றியே ஓட்டினால்
செலவு நூறு வெள்ளியைத் தாண்டாது.
பிரித்துச் சேர்த்தாலோ
புது நெஞ்சோடு பழுது பார்த்த வண்டி
தேதி வந்ததென்று நசுக்கப்படப் போகும்.
காகிதத்தைப் புதுப்பிக்கலாம்.
அது எஞ்சினைவிட ஆறு மடங்கு.

பணம் தெளிவாகத்தான் பேசுகிறது.
ஆனால் பிஐஇ மூன்றாம் தடத்தில்
பின்சக்கரம் திடீரென்று பூட்டிக்கொண்டால்
பெட்டிக்குள் இருக்கும் பதினெட்டுப் பேரை
என்ன செய்வேன் என்று அது பேசவில்லை.

தோ பாயோ கிளினிக்கில் ஜமுனாதேவியிடம் கேட்டேன்:
எந்த எண்ணைத் தாண்டினால் மருந்து தொடங்குவீர்கள்?
எண்ணை மட்டும் பார்க்க மாட்டார் டாக்டர், என்றாள்.
எவ்வளவு வேகமாய் ஏறுகிறது என்றும் பார்ப்பார்.
சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடச் சொன்னாள்.

நானூறு என்று வைத்திருக்கிறேன்.
நானூறு மில்லி ஆனால் பிரிப்பது.
அதுவரை வாரம் இருமுறை அளவுகோலைத் துடைத்துப் பார்ப்பது,
தொண்ணூறுக்கு மேல் போகாதது.

அரை மில்லி பெரிய பிஸ்டன் கடைசி இரண்டுதான் என்றதும்
ஒன்றை வாங்கிவிட்டேன்.
அவசரமில்லை, விலை ஏறுமே என்றுதான்.
குளிர்ப்பெட்டி மேல் மசகுத்தாளில் சுற்றி வைத்திருந்தேன்.
மகன் தாளைப் பிரித்து, கவிழ்த்து நிறுத்தி
பேனாக்களைப் போட்டு வைத்திருக்கிறான்.
சுவரில் கீறல் விழும் என்று கத்தினேன்.
எடுக்கவும் இல்லை.

இன்று ஞாயிறு. அளந்தேன்.
முந்நூற்றுப் பத்து.
குறித்துவைக்க,
அதற்குள்ளிருந்துதான் பேனாவை எடுக்க வேண்டியிருக்கிறது.