குறிப்புகள் என்ற கட்டம்

ஜூலை. இரவு இரண்டு மணி.
முள் சிவப்புக் கோட்டைத் தொட்டு நடுங்குகிறது.
குந்த் ஆறு சாம்பல் நிறத்தில் வருகிறது,
பனிப்பாறை அரைத்த கல்மாவோடு.
டர்பைன் இதழ்களை அது நக்கி நக்கித் தேய்க்கும் சத்தம்
எனக்குப் பல்கூச்சம்.

"இதுவரை இல்லாத உற்பத்தி!"
கோரோகிலிருந்து ஃபோனில் ஷோயிஸ்மத் சிரிக்கிறார்.

ஜனவரியில் இதே முள் படுத்துக் கிடந்தது.
ஒற்றை பல்பு மஞ்சளாய் மூச்சுவாங்க,
கோட்டைக் கழற்றாமலே குல்பேகிம்
மகனுக்கு ஏழாம் வாய்ப்பாடு சொன்னாள்.
அன்று கடனாகக்கூடத் தராத ஆறு
இன்று கேட்காமலே கொட்டுகிறது.

பதிவேட்டில் எண்ணை எழுதினேன்.
குறிப்புகள் என்ற கட்டத்தில்:
*மேலே வட்டி தீர்ந்துவிட்டது.
இது முதல்.*

பிறகு அதை அடித்துவிட்டு
"இயல்பு" என்று போட்டு
இரண்டாம் மதகைத் திறக்கப் போனேன்.