தாழ்புள்ளி

முதுநகரிலிருந்து உப்பனாற்றுப் பக்கம்
நூற்றுக்கு ஒன்று இறங்கும் சாலை
பாலத்தைப் பார்த்ததும்
நூற்றுக்கு மூன்று ஏறுகிறது.
இரண்டு கோட்டையும் அப்படியே ஒட்டினால்
மீன் லாரிகளின் பட்டை முறியும்.
அதனால் இடையில் ஒரு பரவளைவு,
நூற்றிருபது மீட்டர்.
எங்கே தொடங்கிற்று எங்கே முடிந்தது என்று
டயருக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான் அதன் வேலை.

வரைந்தவன் நான்.
வடிகாலுக்கு இரும்புச் சல்லடை
சரியாக அறுபதாவது மீட்டரில்.
நடு என்றால் ஒரு நிம்மதி.
காகிதத்தை இரண்டாக மடித்தால்
மடிப்பு அதன் மேலேயே விழுந்தது.

ஐப்பசி. மூன்று நாள் பெய்து விட்ட காலை.
சல்லடைக் கம்பிகள் காய்ந்துவிட்டன,
யாரோ அதில் பீடியை அணைத்திருக்கிறார்கள்.
முப்பது மீட்டர் இப்பால்
செம்பாயியின் கருவாட்டுக் கடை வாசலில்
மின்கம்பம் தலைகீழாக நிற்கிறது.

முக்காலியை ஊன்றிக் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தேன்.
அஞ்சாபுலி கைலியை மடித்துக் கட்டி
ஸ்டாஃபோடு தண்ணீரில் இறங்கினான்.
சல்லடை மேல்: ஒன்று புள்ளி மூன்று ஒன்று பூஜ்யம்.
வாசலில்: ஒன்று புள்ளி நான்கு ஆறு பூஜ்யம்.
எண் கூடினால் தரை தாழ்ந்திருக்கிறது.
வேலைக்குச் சேர்ந்த புதிதில்
இதுதான் எனக்குக் குழம்பும்.

பதினைந்து சென்டிமீட்டர்.
அவள் வாசற்படி மூன்று அங்குலம்.

சரிவுகள் சமமில்லாதபோது
பள்ளம் நடுவில் இருக்காது,
சரிவு குறைந்த பக்கமாக ஒதுங்கிவிடும்.
கல்லூரியில் இரண்டு மதிப்பெண் கேள்வி.
எழுதியிருக்கிறேன். இரண்டும் வாங்கியிருக்கிறேன்.

"சார், படத்துல கையெழுத்து யாருது?"
அஞ்சாபுலிக்குப் படிக்கத் தெரியும். கேட்கத்தான் கேட்டான்.
படத்தைச் சுருட்டினேன்.

செம்பாயி எங்களைத் திட்டவில்லை.
"அளந்தாச்சில்ல? நவுருங்க" என்றாள்.
அலுமினியக் குண்டானில் வாசலை மொண்டு
இடுப்பில் வைத்து
முப்பது மீட்டர் நடந்து
பதினைந்து சென்டிமீட்டர் ஏறி
சல்லடையில் ஊற்றினாள்.
ஒரு சொட்டு தங்கவில்லை.
குழாயின் சரிவு சரி. விட்டமும் சரி.

பிறகு இறக்கத்தில் திரும்பி வந்தாள்,
அடுத்த குண்டானுக்கு.