எறும்புக் கிண்ணம்

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் சக்கரங்கள்
என் ஜன்னலின் உயரத்தில் ஓடும்.
களியக்காவிளை பஸ் கடக்கும்போது
மேசையோடு சேர்ந்து திரையும் ஒருமுறை நடுங்கும்.
அப்படி நடுங்கிய ஒரு நேரத்தில்தான்
புஷ்பலீலா படியேறி வந்தார்,
பையில் மூன்று புட்டி, கையில் ஹெல்மெட்.
"லேபிளுக்கு ஒரு படம் வேணும்.
போட்டோகிராபர் எட்டாயிரம் கேக்காரு.
சொன்னா வரையுமாமே, அதுல போடுங்க."

தேன், தேனீ, காலை வெயில் என்று தட்டினேன்.
ஒன்பது நொடி.
தொடுவானம் வரைக்கும் சூரியகாந்தி.
நடுவே பொன்னிறக் கூந்தலோடு ஒருத்தி
மரக்கரண்டியில் தேனைத் தூக்கிப் பார்க்கிறாள்.
"இவ யாரு? அருமனைல இப்படி யாரும் இல்லையே."

கன்னியாகுமரி மாவட்டம் என்று சேர்த்தேன்.
கடல் வந்தது. பாறை வந்தது.
பாறைமேல் தேன்பெட்டி, அலையில் நனைந்தபடி.
பின்னால் சூரியன் எழுந்துகொண்டிருந்தது.
"அந்தச் சூரியன எடுத்திருங்க, எலெக்‌ஷன் வருது."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.
"எனக்க தேன் பூவில இருந்து வாறது இல்ல, கேட்டியளா."

தையில் ரப்பர் இலை மொத்தமும் கொட்டும்.
மாசியில் செம்புநிறத் தளிர்.
மூன்று இலை ஒரு காம்பில் சேரும் இடத்தில்
கடுகளவு ஒரு மினுக்கம்.
ஈ அங்கேதான் வாய் வைக்கும்.

ரப்பர் மரம், தளிர், காம்பு, பூ வேண்டாம்.
வேண்டாம் என்பது அதற்குக் கேட்கவில்லை,
பூ மட்டும் கேட்டது.
ரப்பர் மரம் நிறைய ரோஜா.
மறுபடி. ஐந்து இலை.
மறுபடி. ஏழு.
மறுபடி. இலை மூன்றுதான், தேனீக்குக் கால் எட்டு.
மறுபடி தட்டியதில்
பால்வெட்டிய பட்டையிலிருந்து சிரட்டைக்குள்
தேன் ஒழுகியது.
இதுகூட நல்லாத்தான் இருக்கு என்றேன், தெரியாத்தனமாக.
அவர் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார்.

முப்பத்தேழாவது படம்.
தோட்டத்து நிழலில் ஒற்றைக் காலில் ஒரு பெட்டி.
முகம் கிட்டே வந்தது.
"காலுக்கு அடியில கிண்ணம் எங்க?
தண்ணி ஊத்தின கிண்ணம்.
இல்லாட்டி எறும்பு ஏறும். ஒரு ராத்திரில கூடு காலி."

பெட்டிக்குக் கீழே கிண்ணம், எறும்புக்காக.
ஒன்பது நொடி.
வெள்ளைக் கோப்பை வந்தது, சாசரோடு.
தேநீர். ஆவி பறந்தது.
ஓரத்தில் ஒரு பிஸ்கட்.

புஷ்பலீலா சிரித்த சிரிப்பில்
கீழே ஜெராக்ஸ் கடை அஜின் மேலே எட்டிப் பார்த்தான்.
"எறும்புக்கு டீ!
அதுவும் கடியோட!"
கண்ணைத் துடைத்தபடி அடுத்த நிமிடமே சொன்னார்:
"அந்த முதல் படத்தையே போடுங்க.
பொம்பளைய எடுத்துட்டு.
சென்னைக்காரனுக்குப் பூ இருந்தாத்தான் தேனு.
பின்பக்கத்துல எழுதிருங்க, ரப்பர் தேன்னு."
எவ்வளவு பெரிய எழுத்தில்?
யோசித்தார்.
"கடுகளவு."

ஆயிரத்து ஐந்நூறு ஜிபேயில் வந்தது.
கூடவே நூறு கிராம் புட்டி ஒன்று, லேபிள் ஒட்டாதது.
விரலால் தொட்டு ருசித்துவிட்டு
மூடியை அரைகுறையாகத் திருகி வீட்டுக்குப் போய்விட்டேன்.

காலையில் கீபோர்டிலிருந்து புட்டி வரைக்கும்
கறுப்பாக ஒரு கோடு, மெல்ல நகர்ந்தபடி.
துடைத்தேன்.
என் டீக்கோப்பையைக் கழுவி, சாசரில் வைத்து,
பாதி வரை தண்ணீர் ஊற்றி
நடுவில் புட்டியை நிறுத்தினேன்.
பஸ் ஒன்று போனது.
கோப்பைக்குள் ஒரு வளையம் விரிந்து அடங்கியது.
விளிம்பு வரை ஏறிவந்த எறும்புகள்
அங்கேயே நின்றன.

பிஸ்கட் மட்டும்தான் இல்லை.