இனம் என்ற கட்டம்

செட்டியார் தெரு, இரண்டாம் மாடி.
மழைக்குக் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது.
றிஸ்மி நானா வெள்ளைக் கடதாசியை விரித்தார்:
ஏழு கற்கள், ஏழும் பிளேன்டீ நிறம்.
"எல்லாம் கோமேதகம், தங்கச்சி. எலஹெரயில எடுத்த.
ராகு தோசத்துக்கு ஒரு ஆள் காத்துக்கொண்டு ஈக்கார்."

ஆறு கற்கள் சொன்ன பேச்சுக் கேட்டன.
சுடுநீரில் கித்துள் பாணியை விட்டுக்
கலக்காமல் வைத்ததுபோல் உள்ளே ஒரு நெளிவு.
ஏழாவதில் அது இல்லை.
சந்தேகப்படும் அளவுக்குத் தெளிவு.

ஒரு சொட்டுத் திரவம், கந்தக வாடை.
ஒன்று தசம் ஏழு நாலில் நிற்கவேண்டிய நிழல்
ஏழு ஆறைத் தாண்டி நின்றது.
ஒளியைப் பிரித்துப் பார்த்தேன்.
ஊதாவின் ஓரத்தில் கறுப்புக் கோடுகள்:
மாங்கனீஸ்.

"அதே வீடுதான் நானா.
சிலிக்கனும் ஒட்சிசனும் எழுப்பிய அதே சுவர்.
அங்கே கல்சியம் இருக்கிற அறையில்
இங்கே மாங்கனீஸும் மக்னீசியமும் குடியிருக்கு."
"அப்ப கோமேதகம் இல்லயா?"
"சொந்தம்."
"சொந்தக்காரன அனுப்பினா ராகு ஏத்துக்கொள்ளுவானா?"

படிவத்தை எடுத்தேன்.
தொகுதி: கார்னெட்.
இனம்:

வெள்ளவத்தைப் பொலிஸில்
இதே சொல், இதே அகலத்தில் ஒரு கட்டம்.
அப்பா ஹப்புத்தளை, அம்மா காரைநகர்.
இலங்கைத் தமிழரா, இந்தியத் தமிழரா,
ஒன்றில்தான் புள்ளடி போடலாம்.
கொன்ஸ்டபிள் என் முகத்தைப் பார்த்தார்,
கையில் எந்தக் கருவியும் இல்லாமல்.
எனக்கு ஒன்றில் விழுந்தது.
அடுத்த மேசையில் நின்ற தம்பிக்கு
மற்றதில்.

பதினாறு வருடமாகக் கல் பார்க்கிறேன்.
தூய பைரோப் என் மேசைக்கு வந்ததே இல்லை.
பாடப்புத்தக முக்கோணத்தின் மூலையில்
அது ஒரு புள்ளி, அவ்வளவுதான்.
ஆற்றுமணலில் அகப்படுவதெல்லாம்
நடுவில் எங்கேயோ.

பைரோப்–ஸ்பெஸார்ட்டின் என்று எழுதினேன்.
இடம் போதவில்லை.
கடைசி எழுத்து கோடு தாண்டி
நிறை எழுதும் கட்டத்துக்குள் கால் வைத்தது.
அழித்துச் சின்னதாக எழுதலாம்தான்.
எழுதவில்லை.

நானா ஆறையும் மடித்து வைத்தார்.
ஏழாவதை சேர்ட் பையில் தனியே போட்டு,
வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்:
"இதுட வெல எந்தக் கட்டத்தில எழுதி ஈக்கி?"