நாற்பத்து நான்கு டிகிரி

கோர்ஃபக்கானில் இன்று வெளியே நாற்பத்து நான்கு.
இந்த இருட்டறையில்
கஸ்பார் ஃபெர்னாண்டோவின் வலது காதுக்குள் நான் விடும் தண்ணீரும்
அதே நாற்பத்து நான்கு.
கண்ணை மூடாதீங்க என்கிறேன்.
திரையில் அவர் கண்மணி அசையாமல் நிற்கிறது.
ஓடியிருக்க வேண்டும்.
இடது காதில் விட்டபோது
மெல்ல நழுவி, வெடுக்கென்று திரும்பி, மறுபடி நழுவி
அத்தனை ஓட்டம்.

வலது நரம்பு ஊமை.
துறைமுகத்தில் ஏழாம் கிரேன் அவருடையது,
நாற்பது மீட்டர் மேலே ஒரு கண்ணாடிக் கூண்டு.
"கப்பல் நின்ன இடத்துலயே நிக்குது மேடம்,
நான்தான் பம்பரம்."

மூளைத்தண்டில் பக்கத்துக்கு நான்காக
எட்டுக் கருக்கள் எல்லோருக்கும்.
இடமும் வலமும் ஓயாமல் ஒன்றையொன்று தள்ளும்.
அந்தச் சண்டை சமமாக நடப்பதைத்தான்
நிற்பது என்கிறோம்.

எனக்கு ஒன்பது கரு. ஐந்தாம் மாதம்.

உள்ளே மிதப்பவருக்கு காதின் மூன்று வளையங்களும்
எப்போதோ வந்துவிட்டன,
பிஸ்கட் வாசனைக்கே நான் ஓங்கரித்த நாட்களில்.
அதற்கும் முன்னே பின்மூளை
வரிசையாய்த் தடுப்பு வைத்த அறைகள்.
தடுப்புகள் கரைந்துவிடும். ஆனால்
பிறந்த அறையை அணுக்கள் மறப்பதில்லை.
இந்த அறைக்காரர் கண்ணுக்குக் கம்பி இழுப்பார்,
பக்கத்து அறை கழுத்துக்கு,
இன்னொன்று முதுகுத்தண்டில் இறங்கிக் காலுக்கு.
ஊர் கேட்டு அறை ஒதுக்கும் கேம்ப் மாதிரி.

கம்பெனிப் படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
தகுதி. தகுதியில்லை.
இரண்டாவதில் டிக் அடித்தால் டிக்கெட் அடித்துவிடுவார்கள்.

ஊமைப் பக்கம் இனிப் பேசாமலே போகலாம்.
சிறுமூளை முதலில் மற்றதன் வாயையும் பொத்தும்,
பிறகு நாள்பட நாள்பட
இரண்டுக்கும் புதிதாய் ஒரு சமம் பேசி முடிக்கும்.
நடந்தால்தான் அது நடக்கும்,
பங்க் கட்டிலில் சுருண்டு கிடந்தால் இல்லை.
ஆறு வாரம். எட்டும் ஆகலாம்.

கட்டங்களை விட்டுவிட்டு ஓரத்தில் எழுதுகிறேன்:
கிரேன் வேண்டாம். தரையில் வேலை தரவும்.
ஆறு வாரத்தில் மறுபரிசோதனை.
ஓரத்தில் எழுதியதை யாராவது படிப்பார்களா, தெரியாது.

கால்களை அகட்டி, சுவரைத் தொட்டு எழுகிறார்.
கதவு திறக்க நானும் அப்படித்தான் எழுகிறேன்.
"உங்களுக்கும் சுத்துதா மேடம்?"
"எனக்கில்ல. உள்ள இருக்கறவங்கதான்
காலையிலிருந்து கரணம் போடுறாங்க."

சிரித்தார்.
சிரித்துத் தலையைத் திருப்பியதில்
மறுபடி சுவர்.